ஆங்கிலப் பெயரடையும் தமிழ் வேற்றுமையும்

1. முன்னுரை

ஆங்கில இலக்கண நூல்கள் பெயரடை, வினையடை, முன்னுருபு ஆகிய மூன்றையும் தனித்தனி இயல்களில் விளக்குவது மரபு. ஆயின் அன்றாட ஆங்கிலத் தொடர்களில் இம்மூன்றும் தனித்து வருவதினும் ஒன்றையொன்று தழுவி ஒரு கோவையாக வருவதே மிகுதி. 'டீப்லி இன்ட்ரஸ்டட் இன் ம்யூசிக்' என்னும் தொடரில் வினையடை பெயரடையைத் தழுவுகிறது; பெயரடை ஒரு முன்னுருபை வேண்டி நிற்கிறது; முன்னுருபு பெயரை ஏற்கிறது. இக்கோவையைத் தமிழ் வேற்றுமை அமைப்போடு ஒப்பிட்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாய்வுக்கு ஐதராபாத் பொருத்தமான களமாக அமைகிறது. அங்கு 1958-இல் தொடங்கப்பட்ட மத்திய ஆங்கில நிறுவனம் 1972-இல் பிற அயல்மொழிகளையும் தன் எல்லைக்குள் கொண்டது. 2007-இல் ஆங்கிலம் மற்றும் அயல்மொழிகள் பல்கலைக்கழகம் என்னும் மத்தியப் பல்கலைக்கழகமாயிற்று. ஆங்கிலம் கற்பிப்போரைப் பயிற்றுவதற்கென எழுந்த அந்நிறுவனத்தில் திராவிட மொழிகளின் தொடரமைப்புப் பற்றிய ஆழ்ந்த ஆய்வுகளும் நிகழ்ந்தன. மேலும், தெலுங்கு, உருது, தமிழ் ஆகியவற்றைத் தாய்மொழியாக உடைய மாணவர்கள் ஒரே வகுப்பில் அமர்ந்து ஆங்கிலம் கற்கும் நகரம் அது. எந்தப் பெயரடைக்கு எந்த முன்னுருபு வரும் என்பதை நீண்ட பட்டியலாக மனப்பாடம் செய்வதே அம்மாணவர்களுக்குக் காட்டப்படும் வழி. பட்டியலில் தவறுவோர் நினைவாற்றல் குறைந்தோர் எனக் கருதப்படுகின்றனர். அவர்கள் செய்யும் பிழைகளுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்பதும், அவ்வொழுங்கு வேற்றுமை இலக்கணத்தால் விளங்கும் என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

ஆங்கிலத்தில் பெயருக்கு முன் நின்று உறவு உணர்த்தும் 'இன்', 'ஆன்', 'ஆஃப்' போன்றவை இங்கு முன்னுருபுகள் எனப்படுகின்றன. தமிழில் அப்பணியைச் செய்யும் வேற்றுமை உருபுகளும் சொல்லுருபுகளும் பெயருக்குப் பின் வருவன. ஆங்கில எடுத்துக்காட்டுகள் தமிழ் எழுத்திலேயே தரப்பட்டுள்ளன. வழக்கில் இல்லாத தொடர்களின் முன் உடுக்குறி இடப்பட்டுள்ளது.

2. ஒரு படி நகர்வு

கீழ்வரும் இணைத்தொடர்களைக் காண்க.

(1) அ. ஷி இஸ் டீப்லி இன்ட்ரஸ்டட் இன் ம்யூசிக்.
ஆ. அவளுக்கு இசையில் ஆழ்ந்த ஈடுபாடு உண்டு.

(2) அ. ஐ ஆம் டெரிப்லி ஆங்க்ரி வித் ஹிம்.
ஆ. எனக்கு அவன் மேல் கடுங்கோபம்.

(3) அ. ஹி இஸ் ஜஸ்ட்லி ப்ரவுட் ஆஃப் ஹிஸ் டாட்டர்.
ஆ. அவருக்குத் தம் மகளைக் குறித்து நியாயமான பெருமை உண்டு.

மூன்று இணைகளிலும் ஒரே வகையான மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன. ஆங்கிலத்தில் எழுவாய் வேற்றுமையில் நிற்கும் உணர்வோன் தமிழில் நான்காம் வேற்றுமை ஏற்கிறான். ஆங்கிலப் பெயரடைக்கு நேராகத் தமிழில் பெயர்ச்சொல் நிற்கிறது: ஈடுபாடு, கோபம், பெருமை. ஆங்கில வினையடைக்கு நேராகத் தமிழில் பெயரைத் தழுவும் அடை நிற்கிறது: ஆழ்ந்த, கடும், நியாயமான. முன்னுருபுக்கு நேராக வேற்றுமை உருபோ சொல்லுருபோ வருகிறது.

இவை தனித்தனி மாற்றங்கள் அல்ல. ஒரு மாற்றத்தின் விளைவுகளே எனலாம். ஆங்கிலம் பெயரடையாகக் கொள்ளும் உணர்வைத் தமிழ் பெயராகக் கொள்கிறது. நடுச்சொல் பெயராகிவிட்டால் அதனைத் தழுவும் சொல் வினையடையாக இருக்க இயலாது. பெயரடையாகவோ பெயரெச்சமாகவோதான் இருக்க வேண்டும். கோவை முழுவதும் ஒரு படி நகர்கிறது.

இதற்கு ஒரு விலக்கு உண்டு. 'எனக்கு மிகவும் பசி' என்பதில் 'மிகவும்' பெயரடையன்று. 'மிக' என்பது 'மிகு' என்னும் வினையடியாகப் பிறந்த எச்சம். 'மிக நல்ல', 'மிக வேகமாக', 'மிகவும் விரும்பினான்' எனப் பலவகைச் சொற்களையும் அது தழுவும். உறு, தவ, நனி ஆகியவற்றை மிகுதிப் பொருள் உணர்த்தும் உரிச்சொற்களாகத் தொல்காப்பியம் கூறுவதும், உரிச்சொற்கள் பெயரோடும் வினையோடும் இயைந்து வருவதும் இங்கு நினைக்கத்தக்கன. ஆங்கிலமோ இப்பணியை இரண்டாகப் பகுக்கிறது. 'வெரி' பெயரடையையும் வினையடையையும் தழுவும்; வினையைத் தழுவுவது 'வெரி மச்'. தமிழ் மாணவர் '*ஐ வெரி லைக் இட்' என்று எழுதுவதும், 'வெரி டயர்ட்' என்பதே இயல்பாக இருக்குமிடத்தில் 'வெரி மச் டயர்ட்' என்று எழுதுவதும், ஒரு சொல்லின் பணியை இரு சொற்களுக்குப் பகிர்ந்தளிப்பதில் நேரும் இடர்ப்பாட்டால் ஆகும்.

3. 'ஆஃப்' வருவதன் காரணம்

'அஃப்ரெய்ட் ஆஃப்', 'ஃபாண்ட் ஆஃப்', 'ப்ரவுட் ஆஃப்', 'அவேர் ஆஃப்', 'அஷேம்ட் ஆஃப்', 'ஃபுல் ஆஃப்' எனப் பல ஆங்கிலப் பெயரடைகள் 'ஆஃப்' என்னும் ஒரே முன்னுருபை ஏற்கின்றன. அச்சம், விருப்பம், பெருமை, அறிவு, நாணம், நிறைவு ஆகிய இப்பொருள்களுக்கிடையே பொதுமை இல்லை. ஆகவே இம்முன்னுருபு பொருள் நோக்கி வந்ததன்று என்பது பெறப்படும்.

நோம் சாம்ஸ்கி 1981-இல் வெளியிட்ட கோட்பாட்டில் இதற்கு விளக்கம் உண்டு. ஒவ்வொரு பெயர்த்தொடரும் ஏதேனும் ஒரு வேற்றுமையைப் பெற்றாக வேண்டும். ஆங்கிலத்தில் வினையும் முன்னுருபும் தம் செயப்படுபொருளுக்கு வேற்றுமை அளிக்க வல்லவை. பெயரும் பெயரடையும் அவ்வன்மை இல்லாதவை. எனவே 'ஷி ஃபியர்ஸ் டாக்ஸ்' என்பதில் வினைக்குப் பின் முன்னுருபு வேண்டுவதில்லை. 'ஷி இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் டாக்ஸ்' என்பதில் 'ஆஃப்' வந்து அக்குறையை நிரப்புகிறது. அது பொருளற்ற துணையுருபு. தமிழ் உருபுகளைப் போன்று வேற்றுமை காட்டும் பணியையே செய்கிறது. இதற்குப் புறம்பாக நிற்பவை 'வர்த்', 'லைக்' போன்ற சில. 'வர்த் டென் ருபீஸ்' என்பதில் 'ஆஃப்' வருவதில்லை. இவை பெயரடைத் தன்மையோடு முன்னுருபின் தன்மையும் உடையவை.

அச்சச் சொல் எந்த வேற்றுமையை ஏற்கும் என்னும் வினாவைத் தமிழ் இலக்கணம் முன்னரே எழுப்பியுள்ளது. அச்சப் பொருள் தரும் சொல்லுக்கு இரண்டாம் வேற்றுமையும் ஐந்தாம் வேற்றுமையும் பொருள் வேறுபாடின்றி வரும் என்பது தொல்காப்பிய வேற்றுமை மயங்கியலின் கருத்து. 'பகையை அஞ்சினான்', 'பகையின் அஞ்சினான்' எனும் இரண்டும் ஒன்றே. முன்னதில் பகை அஞ்சப்படும் பொருள். பின்னதில் அச்சம் புறப்படும் இடம். இக்காலத் தமிழில் 'நாய்க்குப் பயந்தான்' என நான்காம் வேற்றுமையும் வழங்குகிறது. ஓர் உணர்வுக்கும் அதன் காரணத்துக்கும் உள்ள உறவை மொழி பல கோணங்களில் நோக்கலாம் என்பதும், அவற்றுள் ஒன்றை மட்டும் ஒரு மொழி நிலைபெறச் செய்துகொள்ளலாம் என்பதும் இதனால் விளங்கும்.

4. பெயரடையுள் மறைந்த உருபு

ஆங்கிலப் பெயரடைகள் எல்லாம் ஒருதன்மையன அல்ல. 'அஸ்லீப்', 'அலைவ்' போன்ற சில, பெயருக்கு முன் அடையாக வருவதில்லை.

(4) அ. த சைல்ட் இஸ் அஸ்லீப்.
ஆ. *த அஸ்லீப் சைல்ட்

(5) அ. குழந்தை உறக்கத்தில் இருக்கிறது.
ஆ. *உறக்கத்தில் குழந்தை
இ. உறக்கத்தில் உள்ள குழந்தை

இச்சொற்களின் வரலாறு இதனை விளக்குகிறது. 'அஸ்லீப்' என்பதன் முதலசை பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்னும் முன்னுருபு. பிற்பகுதி உறக்கம் என்னும் பெயர். 'அலைவ்' என்பதும் அவ்வாறே முன்னுருபும் உயிர் என்னும் பெயரும் கூடி உருவானது. இரண்டும் இணைந்து ஒரு சொல்லான பின் பெயரடை எனப் பெயர் பெற்றன. தமிழில் 'உறக்கத்தில்', 'உயிரோடு' என உருபு வெளிப்படையாக நிற்கிறது. ஆங்கிலத்தில் அது சொல்லுக்குள் மறைந்துவிட்டது. மறைந்தும் அதன் ஆட்சி ஒழியவில்லை. (4ஆ), (5ஆ) ஆகிய இரண்டும் ஒரே காரணத்தால் விலக்கப்படுகின்றன: உருபேற்ற பெயர் நேராகப் பெயரைத் தழுவ இரு மொழியிலும் இடமில்லை.

இன்னொரு சான்றும் உண்டு. '*வெரி அஸ்லீப்' என்பது வழக்கன்று. 'சவுண்ட் அஸ்லீப்' என்பதே வழக்கு. இந்தச் 'சவுண்ட்' உறக்கம் என்னும் பெயரைத் தழுவி 'சவுண்ட் ஸ்லீப்' என்று வரும் அதே பெயரடை. தமிழில் 'ஆழ்ந்த உறக்கம்', 'ஆழ்ந்த உறக்கத்தில்' என இரண்டிடத்தும் ஒரே அடை வருவது போன்றது இது. பெயரடையுள் ஒரு பெயர் இன்னும் உயிர்ப்புடன் உள்ளது என்பதற்கு இதனினும் தெளிவான அடையாளம் வேண்டுவதில்லை.

ஐதராபாத் நிறுவனத்தில் பணியாற்றிய மொழியியலாளர்களான கே.ஏ. ஜெயசீலனும் ஆர். அமிர்தவல்லியும் மலையாளம், கன்னடம் ஆகியவற்றின் சான்றுகளைக் கொண்டு இவ்வுண்மையைப் பொதுக்கோட்பாடாக விரித்துள்ளனர். பெயரடை என்பது அடிப்படைச் சொல்வகை அன்று. பெயரோடு வேற்றுமை உருபு ஒன்றிணைவதால் விளைவது என்பது அவர்கள் கருத்து. உருபு பெயரோடு ஒன்றாத மொழிகளில் அது உணர்வோனிடம் நான்காம் வேற்றுமையாக வெளிப்படும். எனவே 'எனக்கு மகிழ்ச்சி' என்பது போன்ற தொடர் அமையும். ஒன்றும் மொழிகளில் உணர்வோன் எழுவாயாவான், பெயர் பெயரடையாகும், 'ஐ ஆம் ஹாப்பி' என்பது போன்ற தொடர் அமையும். இக்கட்டுரைகள் பலவற்றை உள்ளடக்கிய அவர்கள் நூல் 2017-இல் வெளிவந்தது.

இக்கருத்துக்கு முன்னோடி ஒன்று உண்டு. உடைமை உணர்த்தும் வினையானது, இருத்தல் வினையோடு ஓர் உருபு சேர்ந்ததன் மறுவடிவம் என்பதைப் பிரெஞ்சு மொழியியலாளர் எமில் பென்வனிஸ்த் 1960-இல் எடுத்துரைத்தார். ரிச்சர்டு கெய்ன் 1993-இல் அதனைத் தொடரியல் நோக்கில் வளர்த்தார். 'ஐ ஹேவ் எ ஃபீவர்' என்பதையும் 'எனக்குக் காய்ச்சல்' என்பதையும் ஒப்பிட்டால் இது விளங்கும். தமிழின் 'கு' உருபு ஆங்கிலத்தில் 'ஹேவ்' என்னும் வினைக்குள் அடங்கியுள்ளது. பெயரடைக்குள் அடங்குவதும் வினைக்குள் அடங்குவதும் ஒரே நிகழ்ச்சியின் இரு வகைகளாம்.

எல்லா ஆங்கிலப் பெயரடையும் வரலாற்றில் முன்னுருபிலிருந்து தோன்றியது என்று இதற்குப் பொருளன்று. 'டால்', 'ரெட்' போன்றவற்றுக்கு அத்தகைய வரலாறு இல்லை. கோட்பாடு கூறுவது அமைப்புப் பற்றியதேயன்றிச் சொற்பிறப்புப் பற்றியதன்று. 'அஸ்லீப்' போன்ற சொற்களில் அமைப்பு வரலாற்றிலும் வெளிப்பட்டுள்ளது என்பதே சிறப்பு.

5. முன்னுருபும் வினையடையும்

பெயரடைக்கும் உருபுக்கும் உள்ள உறவு போன்றதே வினையடைக்கும் உருபுக்கும் உள்ள உறவு. 'பிஃபோர்' என்னும் சொல் 'பிஃபோர் மீ' என்பதில் முன்னுருபு எனவும், 'ஐ ஹேவ் சீன் ஹிம் பிஃபோர்' என்பதில் வினையடை எனவும், 'பிஃபோர் இட் ரெயின்ஸ்' என்பதில் இணைப்புச்சொல் எனவும் அகராதிகளில் மூவகையாகக் குறிக்கப்படுகிறது. ஓட்டோ எஸ்பெர்சன் 1924-இல் வெளியிட்ட நூலில் இப்பகுப்பைத் தேவையற்றதெனக் கருதினார். ஒரு வினை செயப்படுபொருள் குன்றியும் குன்றாதும் வரும்போது அதனை இரு சொல்வகை என்று கூறுவதில்லை. முன்னுருபுக்கு மட்டும் ஏன் அவ்வாறு கூற வேண்டும் என்பது அவர் வாதத்தின் சாரம்.

தமிழ் 'முன்' இதற்கு நேரான சான்று. 'எனக்கு முன்', 'முன்பு பார்த்திருக்கிறேன்', 'மழை வருமுன்' என மூவிடத்தும் வருவது ஒரே அடி. 'வீட்டுக்குள்ளே போனான்', 'உள்ளே போனான்' ஆகியவற்றில் வருவதும் ஒரே 'உள்' தான். தமிழில் இவை இடப்பெயர்களாகத் தோன்றி உருபுத் தன்மை பெற்றவை ஆதலின் ஒற்றுமை எளிதில் புலனாகிறது.

இச்சொற்களைத் தழுவும் அடைகளும் இரு மொழியிலும் ஒத்துள்ளன.

(6) அ. டென் ஃபீட் பிஹைண்ட் த ஹவுஸ்
ஆ. வீட்டுக்குப் பத்தடி பின்னால்

(7) அ. ரைட் பிஹைண்ட் த ஹவுஸ்
ஆ. வீட்டுக்கு நேர் பின்னால்

பெயர் ஆங்கிலத்தில் இறுதியிலும் தமிழில் முதலிலும் நிற்கிறது. ஆயினும் அளவையோ அடையையோ உருபிலிருந்து பிரித்துப் பெயரோடு சேர்க்க இரு மொழியும் இடந்தருவதில்லை. 'ரைட்' இங்ஙனம் முன்னுருபைத் தழுவும். பொதுவழக்கில் பெயரடையைத் தழுவாது. 'வெரி' பெயரடையைத் தழுவும். '*வெரி பிஹைண்ட்' என வராது. எனவே ஆங்கிலத்தில் ஒரு சொல் எவ்வகையினது என்பதை அறிய அதனைத் தழுவும் அடையே உரைகல்லாகும். 'வெரி நியர் த ஹவுஸ்' என்பதில் 'நியர்', பெயரடையின் அடையை ஏற்றும், முன்னுருபைப் போல் பெயரை நேராகத் தழுவியும் இரண்டுக்கும் இடைநிற்கிறது. 'வீட்டுக்கு மிக அருகில்' என்னும் தமிழ்த்தொடரில் அவ்விரு தன்மைகளும் 'மிக' எனவும் 'இல்' எனவும் பிரிந்து தெரிகின்றன.

பெயரோடு உருபு கூடி வினையடைப் பணி செய்வதும் இரு மொழிக்கும் பொது. 'கேர்ஃபுலி' என்பதும் 'வித் கேர்' என்பதும் ஒருபொருளன. 'கவனமாக' என்பதும் 'கவனத்துடன்' என்பதும் அவ்வாறே. 'ஃப்ரெண்ட்லி' என்னும் பெயரடை இன்னொரு 'லி' ஏற்பது வழக்கில் அரிது. ஆதலின் 'இன் எ ஃப்ரெண்ட்லி வே' என முன்னுருபு வந்து உதவுகிறது. ஒரு வகை தளர்ந்த இடத்தில் மற்றொரு வகை வந்து தாங்குவதே இக்கோவையின் இயல்பு.

6. வகுப்பறைப் பிழைகள்

மேற்கூறியவற்றின் துணைகொண்டு ஐதராபாத் வகுப்பறையில் இயல்பாகக் காணப்படும் பிழைகளை நோக்கலாம்.

'*ஆங்க்ரி ஆன் மீ' என்பது பரவலான பிழை. தமிழில் 'என் மேல் கோபம்'. தெலுங்கில் 'நா மீத கோபம்'. உருதில் 'முஜ் பர் குஸ்ஸா'. 'மீத', 'பர்' இரண்டும் 'மேல்' என்னும் பொருளன. இரு வேறு மொழிக்குடும்பங்களைச் சேர்ந்த மூன்று மொழிகளும் சினத்தை ஒருவர் மேல் விழும் பொருளாகக் கருதுகின்றன. மூன்று தாய்மொழி மாணவரும் ஒரே பிழையைச் செய்வது இதனாலேயே.

'குட் இன் மேத்ஸ்' என்பதும் அத்தகையது. 'கணக்கில் கெட்டிக்காரன்' என்பதில் வரும் 'இல்', தெலுங்கின் 'லோ', உருதின் 'மேன்' மூன்றும் இடப்பொருள் உருபுகள். பாடநூல் ஆங்கிலம் இவ்விடத்தில் 'அட்' என்பதை வேண்டுகிறது.

'அஃப்ரெய்ட்' என்பதில் மாணவர் பிரிகின்றனர். உருது அச்சத்துக்கு நீங்கற் பொருள் தரும் 'சே' உருபைக் கொள்வதால், அம்மொழி மாணவர் '*அஃப்ரெய்ட் ஃப்ரம் டாக்ஸ்' என எழுதுகின்றனர். தமிழிலும் தெலுங்கிலும் 'நாய் என்றால் பயம்' என்னும் அமைப்பு வழங்குவதால் அப்பிழைக்கு அங்கு வித்தில்லை. உருது மாணவர் எழுதுவது அச்சத்துக்குத் தொல்காப்பியம் கூறும் ஐந்தாம் வேற்றுமையே என்பது கருதத்தக்கது. அது ஆங்கில வழக்குக்கு மாறானது. ஆனால் பொருத்தமற்ற சிந்தனையன்று.

'*டிஸ்கஸ் அபவுட்' என்பது வேறுவகை. ஆங்கில வினை முன்னுருபை வேண்டுவதில்லை. ஆனால் அதன் பெயர் வடிவமாகிய 'டிஸ்கஷன்' அதனை ஏற்கும். தமிழில் 'அதைப் பற்றி விவாதம் செய்தனர்' எனப் பெயரே நடுநாயகமாக நிற்கிறது. மாணவர் எழுதியது வினையை, கருதியது பெயரை. இரண்டாம் பகுதியில் கண்ட நகர்வே இங்குத் தலைகீழாக நிகழ்ந்துள்ளது.

7. பெயரடையின்மை குறைபாடா?

தமிழில் பெயரடை இல்லை என்றால் அதனைக் குறையாகக் கொள்ளலாகாதா என்னும் வினா எழலாம். திராவிட மொழிகளில் பண்புப் பெயர்களே பிற பெயர்களின் முன் நின்று பெயரடைப் பணி செய்கின்றன என்பதைக் கால்டுவெல் 1856-இலேயே கூறினார். தொல்காப்பியம் பெயர், வினை, இடை, உரி என்னும் நான்கனுள் பெயரடைக்குத் தனியிடம் தரவில்லை. மறுபுறம், உஸ்மானியாப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக விளங்கிய பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003-இல் வெளியிட்ட திராவிட மொழிகள் பற்றிய நூலில் பெயரடை, வினையடை முதலியவற்றிற்குத் தனி இயல் அமைத்துள்ளார். தாமஸ் லேமன் 1989-இல் வெளியிட்ட தமிழிலக்கணமும் பெயரடையைத் தனிவகையாகக் கொள்கிறது.

நல்ல, பெரிய, சிறிய, புதிய, பழைய போன்ற சில சொற்களைக் கொண்டு நோக்கினால் இரு கருத்துக்கும் இடமுண்டு. இவை பெயருக்கு முன் மட்டுமே வரும். 'இந்த வீடு பெரிய' என முடிவதில்லை, 'பெரியது' என்றே முடியும். ஆர்.எம்.டபிள்யூ. டிக்சன் 1977-இல் உலகமொழிகள் பலவற்றை ஒப்பிட்டு, பெயரடைகள் மிகச் சிலவாக உள்ள மொழிகளில் அவை அளவு, வயது, மதிப்பு, நிறம் ஆகியவற்றையே பெரும்பாலும் குறிக்கும் என்றும், மனித இயல்புகளைப் பெயரோ வினையோ உணர்த்தும் என்றும் காட்டினார். தமிழ்ச் சொற்கள் இப்பகுப்புக்கு அப்படியே பொருந்துகின்றன. ஆகவே தமிழ் தனக்கு இல்லாத ஒன்றுக்கு ஈடுதேடும் மொழியன்று. பல மொழிகள் செல்லும் வழியில் செல்வது.

8. முடிவுரை

பெயரடை, வினையடை, முன்னுருபு ஆகியன ஆங்கிலத்தில் ஒரே கோவையின் கண்ணிகள். ஆங்கிலத்தில் பெயரடையுள் மறைந்திருக்கும் உருபு தமிழில் வேற்றுமையாக வெளிப்படுகிறது. நடுச்சொல் பெயரடையினின்று பெயராக மாறும்போது ஏனைய சொற்களும் ஒழுங்காக ஒரு படி நகர்கின்றன. மாணவர் பிழைகள் பெரும்பாலும் இந்நகர்வின் இடையில் நிகழ்வன.

இதனால் கற்பித்தலில் செய்யத்தக்கது எளிது. 'ஆங்க்ரி வித்' என்பதைப் பட்டியலில் ஒன்றாகத் தருவதற்கு முன், கோபம் என்னும் சொல் தாய்மொழியில் எவ்வுருபை ஏற்கிறது என்று மாணவரையே கேட்கலாம். 'மேல்' என்றும் 'மீத' என்றும் 'பர்' என்றும் விடைகள் வரும். அவ்விடைகளைக் கரும்பலகையில் எழுதி, ஆங்கிலம் அவ்வுறவை எக்கோணத்தில் நோக்குகிறது என்று அடுத்துக் காட்டலாம். 'ஆஃப்' ஏற்கும் பெயரடைகளை ஒரு குழுவாகப் பிரித்து, அங்கு உருபுக்குப் பொருள் இல்லை என்பதையும் கூறலாம். மனப்பாடம் செய்ய வேண்டியவை அப்போதும் சில எஞ்சும். ஆயினும் பிழை எங்கிருந்து பிறந்தது என்பதை அறிந்த மாணவர் அதனைத் தாமே திருத்திக்கொள்ளும் நிலையில் இருப்பர். தம் மொழி ஆங்கிலத்துக்குத் தடையன்று, அதனை விளக்கும் கருவி என்பதையும் அவர்கள் அறிவர்.